உருமால் புராணம்

டிஸ்கி: பெரிய பதிவு. ஆபீஸ்ல ஆணி அதிகம் இருக்கிறவங்க சாயங்காலமா வந்து படிக்கலாம். கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் சொந்தக் கதை, நிறைய கைக்குட்டை.

மூணு மாசம் முன்னாடி இணையத்தில் ஒரு கழுத்துத் துணி வாங்கினேன். துணி என்று சொல்லக்கூடாதாம், ஸ்கார்ஃப். கைத்தறி, இயற்கைச் சாயம், பூமிக்குப் பாரமில்லாதது, குப்பையே உண்டாக்காதது என்று ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தார்கள். விலை 1,850 ரூபாய். பெங்களூரில் பொட்டி தட்டுகிறவனுக்கு இந்த மாதிரி வாசகங்களைப் படித்தால் மனசு இளகிவிடும். பாவம் செய்துகொண்டே இருக்கிறோம், ஒரு புண்ணியமாவது பண்ணுவோமே என்று ஆர்டர் போட்டேன். சிவப்பும் நீலமும் கட்டம் கட்டமாக, பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. முதல் தடவை வாஷிங் மெஷினில் போட்டபோது கூடவே மூணு ஆபீஸ் சட்டை போட்டிருந்தேன். வெளியே எடுத்தபோது மூணு சட்டையும் ரோஸ் மில்க்கில் முக்கியெடுத்த மாதிரி இருந்தது.

கஸ்டமர் கேருக்கு எழுதினேன். "இயற்கைச் சாயம் அப்படித்தான் சார் ஓடும், அதுதான் அதோட அழகு" என்று பதில் வந்தது. கடைசியில் ஒரு பச்சை இலை படம் வேறு. அவ்வ்வ்வ்.

அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனேன். நம்ம ஊர் நாகூர் என்பது இங்கே வழக்கமாக வருகிறவர்களுக்குத் தெரியும். வாப்பாகிட்ட இந்தக் கதையைச் சொன்னதும் அவர் ஒண்ணும் பேசாமல் உள்ளே போய் பீரோவிலிருந்து ஒரு துணியை எடுத்து வந்து மடியில் போட்டார். அதே சிவப்பு, அதே நீலம், அதே கட்டம். நாலு பக்கமும் ஒரு கெஜம் இருக்கும். அவருடைய வாப்பா பினாங்கில் சபுராளியாக இருந்தவர்; அவர் தலையில் கட்டியிருந்த கைக்குட்டை. "எத்தனை தடவை வெளுத்திருக்கும்ங்கிறே? உங்க உம்மாவைக் கேளு" என்றார். ஓரம் நைந்திருக்கிறது, நடுவில் ரெண்டு இடத்தில் தையல். ஆனால் சிவப்பு இன்னும் சிவப்பாகவே இருக்கிறது.

என் 1,850 ரூபாய்க்கும் இந்தக் கந்தலுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று தேட ஆரம்பித்தேன். அதில் கிடைத்ததுதான் இந்தப் பதிவு.

முதலில் கைக்குட்டை என்ற பெயரையே மறந்துவிடுங்கள். பாக்கெட்டில் மடித்துவைத்து மூக்கு சிந்துகிற சமாச்சாரம் இல்லை இது. இதன் பழைய பெயர் உருமால். பாரசீகத்தில் 'ரூ' என்றால் முகம், 'மால்' என்றால் துடைப்பது. ரூமால் தமிழில் உருமால் ஆகி, கல்யாணத்தில் தலைப்பாகை கட்டுவதை 'உருமால் கட்டு' என்று சொல்லும் அளவுக்குச் சொந்தமாகிவிட்டது. இலங்கைத் தமிழர்கள் கைக்குட்டையை லேஞ்சி என்பார்கள். அது போர்த்துகீசியர் விட்டுப்போன 'லென்சு'. ஒரு சதுரத் துணிக்கு எத்தனை ஊர்ப் பெயர் பாருங்கள்.

நாகூர் தர்காவுக்கு வந்தவர்களுக்குத் தெரியும், தலையை மூடாமல் உள்ளே போகமுடியாது. தொப்பி இருந்தால் தொப்பி, இல்லையென்றால் கைக்குட்டை. முஸ்லிம்களைவிட மற்றவர்கள் கூட்டம் அதிகமாக வருகிற இடம் அது, ஆகவே கைக்குட்டைத் தலைகள்தான் எப்போதும் அதிகம். சின்ன வயதில் அலங்கார வாசலில் நின்றுகொண்டு யார் எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று பார்ப்பது எனக்கு ஒரு விளையாட்டு. நாலு மூலையிலும் முடிச்சுப் போட்டு குல்லா மாதிரி வைத்தவர்கள், பின்னால் இறுக்கிக் கட்டியவர்கள், சும்மா மேலே போட்டுக்கொண்டு காற்றில் பறக்காமல் ஒரு கையால் பிடித்தபடியே துஆ கேட்பவர்கள். இப்போது வாசலில் பிளாஸ்டிக் நார் வலைத் தொப்பி வந்துவிட்டது. விலை ரொம்பக் கம்மி. வாங்கி, ஒரு மணி நேரம் போட்டு, கடற்கரையில் கழற்றிப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

வாப்பாவுடைய வாப்பா அந்த உருமாலைத் தலையில் மட்டுமா கட்டினார்? காசு முடிந்துவைத்தது அதன் மூலையில். சந்தையில் வாங்கினதை மூட்டை கட்டியது அதில். கப்பலில் தலையணைக்கு மேல் விரித்தது, வெயிலில் தோளில் போட்டது. தையல் கிடையாது, பித்தான் கிடையாது, அளவு கிடையாது. குண்டானாலும் சரி இளைத்தாலும் சரி, பொருந்தும். சட்டை தைக்க வேண்டுமென்றால் துணியை வெட்டவேண்டும், வெட்டினால் துண்டு விழும். உருமாலுக்கு அந்தப் பேச்சே இல்லை. தறியில் ஒரே பாவில் கட்டம் கட்டமாக நெய்துகொண்டே போவார்கள். முழுப் பீஸாக விற்பார்கள். வாங்கினவர் எல்லையில் வெட்டிக்கொள்ள வேண்டியது, தீர்ந்தது வேலை. இன்று 'பூஜ்யம் குப்பை வடிவமைப்பு' என்று பாடம் எடுக்கிறார்களே, அது நம்ம தறிக்காரருக்குப் பாடமாகத் தெரியாது. நூல் விலை தெரியும், அவ்வளவுதான். கிழிந்தால் குழந்தைக்குத் தொட்டிலில் விரிப்பு, அதுவும் கிழிந்தால் அடுப்படியில் கரித்துணி. இந்த உருமால் மட்டும் எப்படியோ கரித்துணி ஆகாமல் தப்பித்து பீரோவில் உட்கார்ந்துவிட்டது.

சரி, மேட்டருக்கு வருவோம்.

நாகூர் நெசவு ஊர் இல்லை, கப்பல் ஊர். தெற்கே ஐந்தாறு கிலோமீட்டரில் நாகப்பட்டினம். வடக்கே பஸ் ஏறினால் காரைக்கால், அப்புறம் தரங்கம்பாடி. நாகப்பட்டினத்தைப் போர்த்துகீசியர்களிடமிருந்து 1658-ல் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள், 1781-ல் ஆங்கிலேயர் பிடுங்கும்வரை வைத்திருந்தார்கள். காரைக்கால் 1739-லிருந்து பிரெஞ்சு. தரங்கம்பாடி 1620-லிருந்து 1845 வரை டென்மார்க்காரர்களுடையது. ஆக, 35 கிலோமீட்டர் கடற்கரைக்குள் மூணு வெள்ளைக்காரக் கொடி. நடுவில் நம்ம நாகூர், தஞ்சாவூர் ராஜாவின் துறைமுகம். மூன்று கொடிக்காரர்களும் முக்கியமாக வந்தது துணிக்காகத்தான். இந்தோனேசியத் தீவுகளில் மிளகும் கிராம்பும் வாங்கவேண்டும் என்றால் அங்கே வெள்ளியைவிட சோழமண்டலக் கரைத் துணிக்குத்தான் மரியாதை. இது மரைக்காயர்களுக்கு வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பே தெரியும். அச்சே, கெடா, பிறகு பினாங்கு என்று துணி ஏற்றிக்கொண்டு போனவர்கள் அவர்கள். போன இடத்தில் துணியோடு ஊரையும் விட்டுவந்தார்கள். சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவில் 1828 முதல் 1830 வரை கட்டிய நாகூர் தர்கா இன்னும் இருக்கிறது. பினாங்கிலும் ஒன்று உண்டு.

கட்டம் போட்ட இந்தத் துணிக்கு உலகத்தில் ஏற்பட்ட பெயர்களெல்லாம் நம்ம துறைமுகப் பெயர்கள். பழவேற்காடு, டச்சுக்காரன் வாயில் பாலியாகாட், ஆங்கிலேயன் வாயில் புலிக்காட். மலேசியாவில் கட்டம் போட்ட கைலிக்கு இன்னும் 'காயின் பெலிக்காட்' என்றுதான் பெயர். நம்ம ஆட்கள் பாலியாகாட் லுங்கி என்று கேட்டு வாங்குவதும் அதே ஊரைத்தான். மேற்கு ஆப்பிரிக்காவில் இந்தத் துணிக்கு 'ஜார்ஜ்' என்று ஒரு பெயர் உண்டு. செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலிருந்து வந்ததால் ஜார்ஜ்! அமெரிக்கக் கண்டத்தில் ஒரே வார்த்தை: மெட்ராஸ். கடைசியில் வியாபாரத்தில் நிலைத்த பெயர் 'ரியல் மெட்ராஸ் ஹாண்ட்கர்ச்சீஃப்'. ரியல் என்று ஏன் போட்டார்கள்? போலி வந்துவிட்டது, அதனால்தான். 1780-களிலேயே ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 'புல்லிகேட்' என்ற பெயரில் இதை நகல் எடுத்து நெய்ய ஆரம்பித்துவிட்டார்கள்.

இதுவரைக்கும் படிக்கப் பெருமையாக இருக்கிறதில்லையா? எனக்கும் இருந்தது. அடுத்த ராத்திரி படித்ததில் அந்தப் பெருமை கொஞ்சம் இறங்கிவிட்டது.

ஆப்பிரிக்காவுக்கு இந்தத் துணி எதற்குப் போனது? கினியா கரையில் அடிமைகளை வாங்குவதற்கு. பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கப்பல்கள் மேற்கு ஆப்பிரிக்காவுக்கு ஏற்றிப்போன சரக்கில் இந்தியத் துணி முக்கியமான பண்டம். தரங்கம்பாடியிலிருந்து கோபன்ஹேகனுக்குப் போன துணி அங்கேயே விற்றுத் தீரவில்லை. ஒரு பங்கு மறுபடி கப்பலேறி இப்போதைய கானாவில் இருந்த டென்மார்க் கோட்டைகளுக்குப் போயிற்று. அங்கே துணியைக் கொடுத்து மனுஷனை வாங்கி, அட்லாண்டிக்கைத் தாண்டி செயின்ட் குரோய், செயின்ட் தாமஸ் தீவுகளின் கரும்புத் தோட்டத்தில் இறக்கினார்கள். டென்மார்க் அடிமை வியாபாரத்தை நிறுத்தச் சட்டம் போட்டது 1792-ல், அமலுக்கு வந்தது 1803-ல். தரங்கம்பாடிக் கோட்டைக்கு எத்தனை தடவை ஸ்கூல் டூர் போயிருக்கிறேன். கடல் காற்று, பீரங்கி, வேர்க்கடலை. இதை யாரும் சொல்லித்தரவில்லை.

நெய்தவன் நிலைமை? வியாபாரி முன்பணம் கொடுப்பான், நெசவாளி நெய்து கொடுப்பான். பழைய வழக்கத்தில் நெசவாளிக்கு ஒரு சுதந்திரம் இருந்தது: வேறொருவன் நல்ல விலை கொடுத்தால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளலாம். கம்பெனி ஆட்சி வந்ததும் அந்தக் கதவை மூடினார்கள். முன்பணம் வாங்கினால் வாங்கினவனுக்கே நெய்யவேண்டும், தாமதமானால் சேவகன் வந்து வாசலில் உட்காருவான், அவனுக்குப் படியும் நெசவாளியே கொடுக்கவேண்டும். ஒரு நூல் வீணாகாத துணி, குப்பை விழாத துணி, மண்ணில் மக்கிப்போகிற துணி. அது வந்த வழியும் போன வழியும் இது.

துணி எதற்குப் போனதோ, அதே ஜனங்கள் அதை என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம்.

1786-ல் நியூ ஆர்லியன்ஸ் ஸ்பெயினின் கையில் இருந்தது. கவர்னர் மீரோ என்று ஒருத்தர். விடுதலை பெற்ற கறுப்புப் பெண்களும் கலப்பினப் பெண்களும் தலைமுடியை அலங்காரம் செய்து தெருவில் நடப்பது வெள்ளைக்காரச் சீமாட்டிகளுக்குப் பொறுக்கவில்லை. இனிமேல் தலையைத் துணியால் கட்டித்தான் வெளியே வரவேண்டும் என்று உத்தரவு போட்டார். கட்டு என்றால் அடிமை அடையாளம், கட்டினால் அடங்கிவிடுவார்கள் என்று கணக்கு. அந்தப் பெண்கள் கட்டினார்கள், ஆனால் இருப்பதிலேயே பளிச்சென்ற மெட்ராஸை எடுத்து, கோபுரம் மாதிரி உயர்த்தி, இறகு குத்தி, நகை மாட்டிக் கட்டினார்கள். கட்டளையை மீறவும் இல்லை, பணியவும் இல்லை. தல, இதுக்குப் பேர்தான் கெத்து :-)

கரீபியன் தீவுகளில் இதற்கு ஒரு மொழியே உண்டாயிற்று. மார்த்தினிக், குவாதலூப், டொமினிகா, செயின்ட் லூசியா பக்கம் தலைக்கட்டில் எத்தனை முனை நிற்கிறது என்பது ஒரு தகவல். ஒரு முனை என்றால் மனசு இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. இரண்டு என்றால் பேசி முடித்தாயிற்று. மூன்று, கல்யாணம் ஆயிற்று. நான்கு என்றால், கல்யாணம் ஆயிற்று ஆனாலும் முயற்சி செய்து பார்க்கலாம்! தீவுக்குத் தீவு இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும், அங்கே போய் என் பேச்சை நம்பி மாட்டிக்கொள்ள வேண்டாம். மார்த்தினிக்கில் மஞ்சள் கட்டம் மங்கிப்போனால் துணியைத் தூக்கிப்போடமாட்டார்கள். மஞ்சள் சாயத்தைக் கோந்தில் குழைத்து கட்டம் கட்டமாகத் தூரிகையால் மறுபடி தீட்டித் தருவதற்கென்றே பெண்கள் இருந்தார்கள். 1880-களின் கடைசியில் அங்கே தங்கியிருந்த லஃப்காடியோ ஹெர்ன் என்ற எழுத்தாளர் இந்தத் தொழிலைப் பற்றி எழுதியிருக்கிறார்.

நைஜீரியாவில், நைஜர் ஆற்றின் டெல்டாவில், கலபாரி என்று ஒரு இனம். அவர்களும் நம்மைப்போல டெல்டாக்காரர்கள், கழிமுகம், மீன், படகு. நம்ம கட்டத் துணிக்கு அவர்கள் வைத்த பெயர் 'இஞ்சிரி'. அசலா நகலா என்பதை முகர்ந்து பார்த்தே சொல்லிவிடுவார்களாம். அதை அப்படியே கட்டுவதோடு விடுவதில்லை. சின்னக் கத்தியோ பிளேடோ எடுத்து, ஊசியால் குறிப்பிட்ட இழைகளை மட்டும் தூக்கி, அறுத்து உருவிவிடுவார்கள். உருவிய இடம் ஜன்னல் மாதிரி திறந்து, புதுசாக ஒரு கோலம் விழும். 'பெலெதே பீதே' என்று அதற்குப் பெயர், அறுத்த இழைத் துணி. கூட்டித் தைப்பது அலங்காரம் என்றுதான் நமக்குத் தெரியும், கழித்து அலங்காரம் செய்தவர்கள் இவர்கள். அந்தத் துணிகள் குடும்பப் பெட்டியில் தலைமுறை தலைமுறையாக இருக்கும். பெரியவர்கள் மௌத்தானால் பெட்டியைத் திறந்து, அந்தத் துணிகளால் கட்டிலையும் அறையையும் அலங்கரித்து அனுப்பிவைப்பார்கள்.

இதைப் படித்தபோது எங்கள் வீட்டு பீரோ ஞாபகம் வந்தது.

இன்னொரு கப்பல் பாக்கி. பிரெஞ்சுக் காலனிகளில் 1848-ல் அடிமைமுறை ஒழிந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டுமே? பாண்டிச்சேரியிலும் காரைக்காலிலும் ஒப்பந்தக் கூலி ஆள் பிடித்தார்கள். மார்த்தினிக்குக்கு முதல் கப்பல் போய்ச் சேர்ந்தது 1853-ல், குவாதலூப்புக்கு 1854-ல். நம்ம காவிரிக் கரை ஜனங்கள் ஆயிரக்கணக்கில் போனார்கள். மாசக்கணக்கில் கடலில் கிடந்து, தெரியாத கரையில் இறங்கி, நிமிர்ந்து பார்த்தால் எதிரில் நிற்கிற கறுப்புப் பெண் தலையில் நம்மூர் உருமால்! அந்த முகங்களை நான் கற்பனை பண்ணிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அந்த ஜனங்கள் அங்கே மாரியம்மனைக் கொண்டுபோனார்கள், இன்று அவள் பெயர் மாலியெமின். கூடவே இன்னொருவரையும் கொண்டுபோனார்கள். மாரியம்மன் கோவில் வளாகத்திலேயே ஒரு உயரமான கம்பம் நட்டு, கொடி ஏற்றி, 'நாகூர் மீரா' என்று கும்பிடுகிறார்கள். ரீயூனியனிலும் உண்டு. யார் அது? நம்ம எஜமான், ஷாஹுல் ஹமீது பாதுஷா. நாகூர் மினாராவில் கந்தூரிக்குக் கொடி ஏறுகிறதே, அந்தக் கொடிமரத்தை நெஞ்சில் சுமந்துகொண்டு போயிருக்கிறார்கள். கடலில் காப்பாற்றுகிறவர் இல்லையா, கப்பலேறினவன் வேறு யாரைக் கூப்பிடுவான்?

இப்போது சாயத்துக்கு வருகிறேன். என் மூணு சட்டைக்கு நியாயம் கேட்கணுமே.

சோழமண்டலத் துணி உலகத்தில் பெயர் வாங்கியதற்கு முதல் காரணமே அதன் சாயம் ஓடாது என்பதுதான். ஐரோப்பாவில் அன்றைக்குத் துணிமேல் பூசிய வண்ணம் துவைத்தால் போய்விடும். நம்ம துணி துவைக்கத் துவைக்கப் பளிச்சென்று ஆகும். சிவப்பு வந்தது சாயவேரிலிருந்து. இம்பூரல் என்று நாட்டு மருத்துவத்தில் சொல்வார்களே, அதே செடி. கடற்கரை மணலில் முளைக்கிற சின்னச் செடிதான், ஆனால் வேர் ஆழமாக இறங்கும். சிப்பி கலந்த சுண்ணாம்பு மணலில் வளர்ந்த வேருக்குத்தான் நல்ல சிவப்பு. வேரில் இருப்பது அலிசரின் வகைச் சாயம். அது தானாகத் துணியில் ஒட்டாது. படிகாரம் வேண்டும், அது நூலில் நிற்கக் கடுக்காய் வேண்டும், எண்ணெயும் சாம்பல் காரமும் மாற்றி மாற்றி ஊறப்போடவேண்டும், வெயிலில் காயவேண்டும். வாரக்கணக்கில் வேலை. படிகாரத்தில் இருக்கிற அலுமினியமும் தண்ணீரில் இருக்கிற கால்சியமும் சாயத்தைப் பிடித்து நூலோடு பூட்டுப் போட்டுவிடும். கெமிஸ்ட்ரியில் அரியர் வைத்தவன் சொல்கிறேன், இது அருமையான இன்ஜினியரிங்.

1868-ல் ஜெர்மனியில் கிரேபெ, லீபர்மன் என்ற இரண்டு பேர் அலிசரினை ஆய்வுக்கூடத்தில் செய்துவிட்டார்கள். 1897-ல் தொழிற்சாலை நீலம் சந்தைக்கு வந்தது. சாயவேர் தோண்டுகிற வேலை மெல்லச் செத்தது. தறி மட்டும் நிற்கவில்லை, சாயப்பொடி மாறிக்கொண்டது.

அப்புறம் 1958. கேப்டன் கிருஷ்ணன் நாயர், பின்னாளில் லீலா ஹோட்டல்கள் கட்டினவர், அப்போது கைத்தறி ஏற்றுமதியாளர். ஜேக்கப்சன் என்ற அமெரிக்க வியாபாரி அவரிடம் மெட்ராஸ் கட்டத் துணி 10,000 கெஜம் வாங்கிப்போய் ப்ரூக்ஸ் பிரதர்ஸ் என்ற பெரிய கடைக்கு விற்றார். சாயம் ஓடும், குளிர்ந்த நீரில் தனியாக அலசவேண்டும் என்று நாயர் சொன்னதை அவர் கடைக்காரர்களிடம் சொல்லவில்லை. அமெரிக்கர்கள் சட்டை தைத்து மெஷினில் போட்டார்கள். என் கதைதான், ஆனால் ஊர் முழுக்க! வக்கீல் நோட்டீஸ் வரை போய், நாயரை அமெரிக்காவுக்கு வரவழைத்தார்கள். அங்கே ஒரு பெண்கள் பத்திரிகை ஆசிரியரிடம் பேசிப் பேசி, 'வடியும் மெட்ராஸ், இந்தியாவின் அதிசயக் கைத்தறி' என்கிற மாதிரி ஒரு கட்டுரை வரவைத்தார்கள். ஒவ்வொரு சலவைக்கும் புது நிறம் காட்டும் துணி! குறை என்று வக்கீலிடம் போனது, அதிசயம் என்று திரும்பி வந்தது. சாயம் ஓடுவதற்கே உத்தரவாதம் என்று விளம்பரம். 1960-களில் அமெரிக்கக் கல்லூரிப் பையன்கள் அதற்கு அலைந்தார்களாம். நாயர் தாமே பின்னாளில் சொல்லிச் சிரித்த கதை இது.

ஆக, "இயற்கைச் சாயம் ஓடத்தான் செய்யும், அதுதான் அழகு" என்பது அறுபது எழுபது வருஷப் பழைய வியாபாரத் தந்திரம். சரியாக ஏற்றிய இயற்கைச் சாயம் ஓடாது. எங்கள் வீட்டு உருமாலே சாட்சி என்று சொல்ல ஆசைதான், ஆனால் அதன் காலத்தைப் பார்த்தால் அது ஜெர்மன் அலிசரினாகத்தான் இருக்கவேண்டும். எதுவாக இருந்தால் என்ன, பூட்டுப் போட்டவன் ஒழுங்காகப் போட்டிருக்கிறான்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். 2004 டிசம்பர் 26. எனக்கு ஏழு வயசு. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். அந்த நாட்களைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன். லாரி லாரியாகப் பழைய துணி வந்தது. நல்ல மனசோடு அனுப்பினவர்கள் இருந்திருப்பார்கள், வீட்டைக் காலி பண்ணினவர்களும் இருந்திருப்பார்கள். கிழிந்த ஜீன்ஸ், பனியன், கம்பளி ஸ்வெட்டர்! கரையோர ஜனங்கள் எல்லாம் இழந்தாலும் மானத்தை இழக்கவில்லை, தொடமாட்டோம் என்றுவிட்டார்கள். சாலை ஓரமெல்லாம் துணிக் குவியல், மழையில் நனைந்து, மாடு மிதித்து. 'குப்பை' என்ற வார்த்தையைக் கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது பிளாஸ்டிக் இல்லை, அந்தத் துணிதான். உடுத்தினவனுக்கே வேண்டாமென்று போன பிறகு அதற்கு இன்னொருவன் தலை எதற்கு?

போன மாசம் தங்கச்சிக்கு நிக்காஹ். வருகிற ஆண்களுக்கெல்லாம் தலையில் போட எதாவது கொடுக்கவேண்டும். வழக்கம்போல வலைத் தொப்பி மொத்தமாக எடுக்கலாம் என்றார் மாமா. நான் கைக்குட்டை என்றேன். "நீ என்ன, ஊர்ல இல்லாத பழக்கத்தைப் புதுசாக் கொண்டுவர்றே?" என்றார். ஊரில் இருந்த பழக்கம்தான் மாமா என்று சொல்ல வாய் வந்தது, கல்யாண வீட்டில் எதற்கு வம்பு என்று வாப்பாவைப் பார்த்தேன். அவர் "கேட்டதைச் செய்வோம்" என்றுவிட்டார். 150 கைத்தறிக் கைக்குட்டை. தொப்பியைவிட மூணு மடங்கு செலவு, அதை என் சம்பளத்தில் போட்டுக்கொண்டேன்.

இந்தத் தடவை ஏமாறக்கூடாது என்று கடையிலேயே உட்கார்ந்து சோதனை பண்ணினேன். வெள்ளைத் துணியை நனைத்துச் சிவப்புக் கட்டத்தில் அழுத்தித் தேய்த்தேன், ஒட்டுகிறதா என்று. திருப்பிப் பார்த்தேன்: நூலுக்குச் சாயம் ஏற்றி நெய்ததென்றால் இரண்டு பக்கமும் ஒரே நிறம் இருக்கும், அச்சடித்ததென்றால் பின்பக்கம் வெளுத்திருக்கும். ஓரத்திலிருந்து ஒரு இழை உருவிக் கொளுத்தினேன்: பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும், பாலியெஸ்டர் என்றால் உருகிக் குண்டுமணி மாதிரி திரளும். கடைக்கார நானா முதலில் முறைத்தார், அப்புறம் அவரே நெருப்புப்பெட்டி எடுத்துக் கொடுத்தார். நெய்தவருக்கு ஒரு கைக்குட்டைக்கு என்ன கிடைக்கும் என்றும் கேட்டேன். அவர் சொன்ன தொகையைக் கேட்டு எனக்குப் பேச்சு வரவில்லை. அதைச் சோதிக்க நெருப்புக்குச்சி கிடையாதே.

நிக்காஹ் முடிந்து, சஹன் சாப்பாடு முடிந்து, கூட்டம் கலைந்த பிறகு மண்டபத்தில் போய்ப் பார்த்தேன். பெரும்பாலானவர்கள் கொண்டுபோய்விட்டார்கள். ஆனால் எல்லோரும் இல்லை. நாற்காலிக்கு அடியில், ஜன்னலில், கை கழுவுகிற இடத்தில் என்று பதினேழு கைக்குட்டை கிடந்தது. ஒன்றில் யாரோ தால்ச்சா துடைத்திருந்தார்கள். மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

உம்மா பதினேழையும் பொறுக்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து, என் வெள்ளைச் சட்டையோடு சேர்த்து ஒரே வாளியில் ஊறப்போட்டார்கள். நான் "உம்மா, சட்டை!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். தண்ணீர் அழுக்காக இருந்தது, சிவப்பாக இல்லை. தால்ச்சாக் கறை மட்டும் போகவில்லை. அது இப்போது எங்கள் அடுப்படியில் கரித்துணி.